பட்டறைக் கணக்கும் பிள்ளைகள் கணக்கும்: சேலத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கு

இந்த வழக்கில் நான் மனுதாரரான தாயின் வழக்கறிஞர். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யார் என்று தெரியாதபடி வயது, பகுதி, சில தொகைகளை மாற்றியிருக்கிறேன். கணக்கு போட்ட விதத்தை மாற்றவில்லை. கணக்கைச் சொல்லத்தான் இதை எழுதுவதே.

பின்னணி

கணவருக்கு சிவதாபுரம் பக்கம் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சொந்த வெள்ளி கிடையாது. செவ்வாய்ப்பேட்டை வியாபாரி எடை போட்டு வெள்ளி கொடுப்பார், இவர் கொலுசாக்கித் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார். சேலத்தில் பெரும்பாலான பட்டறைகள் ஓடுவது இப்படித்தான். நான்கு ஆட்கள் வேலை செய்தார்கள். ஐந்தாவது ஆள் மனைவி. மணி கோப்பது, எடை எழுதுவது, கணக்குச் சிட்டை பார்ப்பது எல்லாம் அவர்தான். பதின்மூன்று வருடமும் அதற்குச் சம்பளம் என்று ஒரு ரூபாய் கைமாறியதில்லை. வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டது.

2023 ஆவணியில் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. மகளுக்கு அப்போது 11 வயது, மகனுக்கு 6. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டோடு இருக்கலாம் என்று அவர் அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்தார். அங்கே ஒரு மருந்துக் கடையில் 11,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். விவாகரத்து கேட்டு இருவருமே மனு போடவில்லை.

முதல் ஏழெட்டு மாதம் உறவினர்கள் பேசிப் பார்த்தார்கள். ஒரு தவணை பள்ளிக் கட்டணமாக 12,000 ரூபாயைக் கணவர் நேராகப் பள்ளியில் கட்டினார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

முதல் மனுவும் இடைக்கால உத்தரவும்

2024 ஜூலையில் சேலம் குடும்ப நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாக மாறியிருந்தது. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு வசதியுள்ளவர் மாதத் தொகை தர வேண்டும். முன்பு இதற்கு மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு தர வேண்டும் என்று அன்றும் சட்டத்தில் இல்லை, இன்றும் இல்லை.

அந்த மனுவை எழுதியவர் வேறொரு வழக்கறிஞர். ஆளுக்கு 15,000 வீதம் மூன்று பேருக்கு 45,000 கேட்டிருந்தார். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. கணவரின் வருமானம் பற்றி, 'மாதம் 30 கிலோ வெள்ளி கைமாறுகிறது, 25 லட்சத்துக்கு மேல் புழங்கும் தொழில்' என்று இருந்தது.

கணவரின் பதில் மனுவில் மாத வருமானம் 9,000 ரூபாய். பட்டறை நொடித்துவிட்டது, பிள்ளைக்கு 2,000 வீதம் தரச் சம்மதம் என்றார்.

25 லட்சத்துக்கும் 9,000த்துக்கும் நடுவில் ஒரு நீதிபதி என்ன செய்ய முடியும்? இடைக்கால மனுவை, அறிவிப்பு எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். வாய்தா மேல் வாய்தா வாங்கி, டிசம்பர் கடைசியில்தான் உத்தரவு வந்தது. பிள்ளைக்கு 3,000 வீதம் 6,000 ரூபாய். மனைவிக்கு, அவர் சம்பாதிப்பதால், இப்போதைக்கு இல்லை. எந்தத் தேதியிலிருந்து என்று உத்தரவில் இல்லை. கணவர் ஜனவரியிலிருந்து கட்டினார்.

என்னிடம் வந்தபோது கண்டது

2025 பிப்ரவரியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கு என்னிடம் வந்தது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இது தெரியாமல் முதல் வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க மனுதாரர் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார்.

வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்தேன். நாற்பது பக்கத்துக்கு மேல் கணவரின் வருமானத்தைப் பற்றி. பட்டறை, வெள்ளி, மொபெட், மச்சு வீடு. பிள்ளைகளைப் பற்றி இருந்தது மூன்றே வரி. பெயர், வயது, 'நல்ல கல்வி தேவைப்படுகிறது'. எந்தப் பள்ளி, கட்டணம் எவ்வளவு, வேன் எவ்வளவு என்று எதுவுமே இல்லை. பையனுக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வருவதும், மாதம் ஒருமுறையாவது நெபுலைசர் வைக்கப் போவதும் அதில் இல்லை. தாயிடம் பேசிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னார்.

"ரசீதெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருங்க வக்கீலம்மா எடுத்து வைக்கறாங்க? ஒரு வக்கீலும் கேக்கலையே."

கேட்டிருக்க வேண்டியது நாங்கள்தான். குழந்தைப் பராமரிப்பு என்றாலே அப்பாவின் வருமானத்தில் இத்தனை பங்கு என்று எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது, வழக்கறிஞர்கள் உட்பட. அதனால் ஒரு பக்கம் வருமானத்தை ஊத, இன்னொரு பக்கம் சுருக்க, பிள்ளைக்கு உண்மையில் என்ன ஆகிறது என்று பார்க்க ஆளில்லாமல் போகிறது.

சதவீதம் என்ற நம்பிக்கை

கணவரின் வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னது '25 சதவீதம்'. மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 2017இல் உச்ச நீதிமன்றம், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று சொன்னது உண்மை. அது மனைவிக்கான தொகையைப் பற்றிய பேச்சு. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, கூலித் தொழில் என்று வருகிற எல்லா வழக்குக்கும் அதை வாய்ப்பாடாக ஆக்க முடியாது. ஆனால் சேலத்து டீக்கடை வரை அது 'சட்டம்' என்று பரவிவிட்டது.

பிரிட்டனில் நிஜமாகவே வாய்ப்பாடு உண்டு. அரசின் குழந்தைப் பராமரிப்பு அமைப்பு, பணம் தர வேண்டிய பெற்றோரின் வாரச் சம்பளம் 200 முதல் 800 பவுண்டு வரை இருந்தால் ஒரு பிள்ளைக்கு 12, இரண்டுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19 சதவீதம் என்று போடுகிறது. பிள்ளை அவரிடம் தங்கும் இரவுகளைக் கணக்கிட்டு அதில் குறைக்கிறது. வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பட்டறைக் கூலியை ரொக்கமாக வாங்கி டிராயரில் போடுகிற ஊரில் அந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம்மிடம் இருப்பது வேறு வழி. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், செலவு, கடன் அத்தனையையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கிடைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தாயும் சம்பாதித்தால் பிள்ளைச் செலவை அவரவர் வருமான விகிதத்தில் பகிர வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு வழக்கு ஒன்றிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் நிலை. அந்த வழக்கில் கணவரின் சம்பளம் மனைவியுடையதைப் போல் இரண்டு மடங்கு, பங்கும் இரண்டுக்கு ஒன்று என்று வைத்தார்கள்.

ஆக எங்களுக்கு மூன்று எண்கள் தேவைப்பட்டன. பிள்ளைகளின் செலவு, தந்தையின் வருமானம், தாயின் வருமானம். மூன்றாவது மட்டும் சம்பளச் சான்றோடு கையில் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, 45,000 என்ற எண்ணைக் கைவிடுவது. மனுதாரர் தயங்கினார். "கூடக் கேட்டாத்தானே பாதியாச்சும் கெடைக்கும்?" சந்தையில் அப்படிப் பேரம் பேசலாம். நீதிமன்றத்தில் ஆதாரமில்லாத பெரிய எண், ஆதாரமுள்ள சின்ன எண்ணையும் சேர்த்துக் கெடுக்கும். டிசம்பர் உத்தரவே அதற்குச் சாட்சி.

இரண்டாவது, ஒரு அறுபது பக்க நோட்டு. இரண்டு மாதம் தினமும் எழுதச் சொன்னேன். பள்ளியிலிருந்து கட்டண ரசீது நகல், வேன்காரரிடமிருந்து எழுத்து, வேலை செய்கிற மருந்துக் கடையிலிருந்தே மருந்துப் பட்டியல். ஏப்ரலில் கணக்கு இப்படி நின்றது.

மகளுக்குப் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 30,000, அதாவது மாதம் 2,500. வேன் 900. புத்தகம், சீருடை மாதத்துக்கு 500. டியூஷன் 700. சாப்பாடு 3,000. உடை, நாப்கின், மருத்துவம் சேர்த்து 800. மொத்தம் 8,400. மகனுக்குக் கட்டணம் மாதம் 2,000, வேன் 900, புத்தகம் சீருடை 400, சாப்பாடு 2,500, இளைப்புக்கு மருந்தும் நெபுலைசரும் 900, உடை முதலியவை 500. மொத்தம் 7,200. வீட்டு வாடகை 6,000. நான்கு பேர் இருக்கும் வீடு, பிள்ளைகள் பங்கு பாதி. அப்படி 3,000, அதோடு கரண்ட், கேஸில் 600. எல்லாம் கூட்டினால் 19,200.

வாடகையில் பிள்ளைகளின் பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. தாய் எப்படியும் எங்கேயாவது குடியிருக்கத்தானே போகிறார் என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது முடிவு, கணவரின் வருமானத்தைப் பெரிதாக்காமல் சரியாகச் சொல்வது. 30 கிலோ கைமாறியது உண்மை. ஆனால் அந்த வெள்ளி வியாபாரியுடையது. அதன் விலையை இவர் வருமானம் என்று சொன்னால், தொழில் தெரிந்த எவரும் சிரிப்பார்கள். பார்க்க வேண்டியது கூலி. பழைய சிட்டைகளை எழுதியவரே மனுதாரர்தான். 2022, 2023ஆம் ஆண்டுப் பக்கங்கள் சிலவற்றைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார், எடையில் தகராறு வந்தால் காட்டுவதற்காக. இப்படி உதவும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

தீபாவளி, பொங்கலுக்கு முன் எடை ஏறும், ஆடியில் இறங்கும். சராசரி மாதம் 30 கிலோ. அந்தப் பட்டறைக்குக் கிடைத்த கூலி கிலோவுக்கு 3,000. ஆக 90,000. நான்கு ஆட்களுக்கு 46,000. வாடகை, கேஸ், கரண்ட், மெருகுச் சாமான் 12,000. கையில் நிற்பது 32,000. இது ஒன்பதாயிரமும் இல்லை, இலட்சங்களும் இல்லை.

போன் படங்கள் சாட்சியமாக நிற்குமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இன் 14ஆவது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு இல்லாமலே, பிரச்சினையைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஏற்றார்கள்.

விசாரணையில் நடந்தது

மார்ச்சில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு அமர்வு நடந்தது. பணத்தில் ஒத்துவரவில்லை. ஆனால் இரண்டாவது, நான்காவது ஞாயிறு பிள்ளைகள் அப்பாவிடம் போவது என்று முடிவானது. அது இன்றுவரை தவறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பணம் வராத மாதத்திலும் பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பார்ப்பதையும் பணத்தையும் ஒன்றுக்கொன்று பிணையாக வைத்தால் இரண்டும் கெடும்.

மே, ஜூன் இரண்டு மாதம் இடைக்காலத் தொகை வரவில்லை. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது, ஆர்டர் குறைந்துவிட்டது என்றார் கணவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விலை ஏறினால் கொலுசு வாங்குவது குறையும், கூலி வேலை முதலில் அடிவாங்கும். ஆனால் பட்டறையை மூடவுமில்லை, ஆட்களை நிறுத்தவுமில்லை.

வழக்கைத் திருப்பியது அவருடைய பிரமாணப் பத்திரமே. பத்திரத்தின் வருமானப் பகுதியில் மாதம் 9,000 என்று எழுதியவர், கடன், பொறுப்பு என்ற பகுதியில் தன் பாரத்தைக் காட்டுவதற்காக 'மாதச் சீட்டு 10,000' என்று எழுதியிருந்தார். இருபது மாதச் சீட்டு, ஒரு தவணையும் பாக்கியில்லை. 'மகளுக்குத் தீபாவளிக்கு வெள்ளிக் கொலுசு' என்று அதே பத்திரத்தில் இன்னொரு வரி.

குறுக்கு விசாரணையில் நான் அதிகம் கேட்கவில்லை. 9,000 வருமானத்தில் 10,000 சீட்டு எப்படிக் கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். கைமாற்று வாங்கிக் கட்டுவதாகச் சொன்னார். யாரிடம் என்றதற்குப் பதில் இல்லை. சீட்டு என்பது சேமிப்பு. தானாகத் தேர்ந்தெடுத்த சேமிப்பையும் கடன் தவணையையும் கழித்துக்கொண்டு மிச்சத்தில்தான் பிள்ளைக்குத் தருவேன் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

கொலுசைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அப்பா மகளுக்குச் செய்த பரிசு, அது அங்கேயே இருக்கட்டும். பராமரிப்பாகக் கழிக்க வேண்டும் என்று அவர்களும் வற்புறுத்தவில்லை. நேராகப் பள்ளியில் கட்டிய 12,000 மனுவுக்கு முந்தையது. ஆனாலும் நிலுவையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தோம். உண்மையாகப் பிள்ளைக்குப் போன பணத்தை மறுத்துப் பேசினால் மற்ற கணக்கின் மேலும் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

இறுதி உத்தரவு

2025 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. கணவரின் வருமானம் 30,000த்துக்குக் குறையாது என்று நீதிமன்றம் வைத்துக்கொண்டது. விகிதப்படி நான் போட்ட கணக்கு இது: 32,000மும் 11,000மும் சேர்த்து 43,000. அதில் தந்தையின் பங்கு நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. 19,200இல் அது ஏறத்தாழ 14,300. உத்தரவில் மகளுக்கு 6,500, மகனுக்கு 5,500, ஆக 12,000. மனைவிக்கு 2,000. சாப்பாட்டுச் செலவிலும் டியூஷனிலும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். ரசீது இருந்த எதையும் குறைக்கவில்லை.

2024 ஜூலையிலிருந்து, அதாவது மனு போட்ட மாதத்திலிருந்து, தர வேண்டும் என்று இந்த முறை தெளிவாக எழுதப்பட்டது. பதினான்கு மாதத்துக்கு 14,000 வீதம் 1,96,000. இடைக்காலமாகக் கட்டிய ஆறு மாதத்துக்கு 36,000, பள்ளியில் கட்டிய 12,000 இரண்டையும் கழித்தால் நிலுவை 1,48,000.

அதன் பிறகு

கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் உண்டு. அந்த மனுவைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. செப்டம்பரில் கணவர் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு லட்சத்தைக் கட்டினார். மீதி 48,000த்தை நவம்பரிலிருந்து 6,000 வீதம் எட்டுத் தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டோம். ஒரே தடவையில் கேட்டால் பட்டறையை விற்கத்தான் வேண்டும். பட்டறை போனால் மாதம் 14,000 எங்கிருந்து வரும்? மனுதாரரே சொன்ன வார்த்தை இது, நான் சொன்னதில்லை.

இதை எழுதும்போது மூன்று தவணை வந்திருக்கிறது. மாதத் தொகை ஒருமுறை ஒன்பது நாள் தாமதம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

செலவு நோட்டு வழக்கின் எட்டாவது மாதத்தில்தான் தொடங்கியது. பிரிந்த முதல் வாரமே தொடங்கியிருந்தால் இடைக்கால உத்தரவே வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் கணவரின் வருமானத்தைக் கேட்பதற்கு முன் பள்ளி ரசீதைக் கேட்கிறேன்.

டிசம்பர் உத்தரவில் தேதி இல்லாததை நான் வழக்கை எடுத்த அன்றே கவனித்துத் திருத்தம் கேட்டிருக்க வேண்டும். ஜூலை வரை கவனிக்கவில்லை. அந்த ஆறு மாதப் பணம் கடைசியில் வந்ததுதான். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வந்திருந்தால் அடகு வைத்த தோடு மூழ்கியிருக்காது.

ஆண்டுதோறும் இவ்வளவு உயர்வு என்று உத்தரவிலேயே கேட்காதது இன்னொரு தவறு. இப்போது தொகையை உயர்த்த 146ஆவது பிரிவில், சூழ்நிலை மாறியதைக் காட்டித் தனி மனு போட வேண்டும். மகளுக்கு 18 வயதானதும் 144ஆவது பிரிவின் கீழ் அவளுக்குத் தொகை நின்றுவிடும். கல்லூரிச் செலவுக்கு, திருமணமாகாத மகள் என்ற முறையில், 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவில்தான் கேட்க முடியும். அதற்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. தாயிடம் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மகனின் பள்ளி அடுத்த கல்வியாண்டுக்குக் கட்டணத்தை 3,000 உயர்த்தியிருக்கிறது. சுற்றறிக்கையை அவர் புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். மாதத்துக்கு 250 ரூபாய். இதற்கு மட்டும் மனு போட வேண்டாம், மகளின் கட்டணமும் தெரியட்டும், ஜூனில் சேர்த்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.